நிற்கும் தண்ணீருக்கு வழி

குளியலறையில் தண்ணீர் வடியவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர், கூப்பிடுவதற்கு முன்பே எதையாவது ஊற்றிப் பார்த்திருப்பார்கள். கொதிநீர், குளோராக்ஸ், கடையில் வாங்கிய காரத் தூள் என்று ஆளுக்கு ஒன்று; சில வீடுகளில் மூன்றுமே உள்ளே போயிருக்கும். ஊற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தாயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நீண்ட காலமாகக் குழாய் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: குளியலறை அடைப்பைக் கரைக்க முயலக் கூடாது; எடுக்க வேண்டும். உள்ளே போய்ச் சிக்கியது எதுவோ, அது கையால் வெளியே வர வேண்டும். அப்படி எடுப்பது யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய, மனத்துக்கு நிறைவு தருகிற வேலை.

எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று அரசு பெயர் மாற்றியது. பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இங்கே தோட்டங்களில் மிஞ்சி நிற்கும் லயங்கள் உண்டு, பழைய கடைவீடுகளும் கம்பத்து வீடுகளும் உண்டு, பின்னாளில் எழும்பிய தாமான் வீடுகளும் உண்டு. யூனிசெல் பல்கலைக்கழகம் வந்த பிறகு மாணவர்கள் கூட்டாகத் தங்கும் வாடகை வீடுகளும் சேர்ந்துகொண்டன. வீட்டுக்கு வீடு தண்ணீர் போகும் வழி மாறும். அடைக்கிற பொருள் மட்டும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் முடி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதில் ஒரு பகுதி குளிக்கும்போது தண்ணீரோடு போகிறது. ஒற்றை முடி எதையும் அடைக்காது. ஆனால் சல்லடையின் ஓரத்திலோ குழாயின் உள்ளே இருக்கும் சொரசொரப்பிலோ அது ஒரு நுனியை மாட்டிக்கொள்ளும். அடுத்து வரும் முடி அதைச் சுற்றிக்கொள்ளும். சில வாரங்களில் மீன் வலையைப் போல ஒரு பின்னல் குழாய்க்குள் விரிந்துவிடும். அதன் பிறகு வருகிற எல்லாம் அதில் சிக்கும்.

சிக்குவதில் முதன்மையானது சோப்பு. உங்கள் வீட்டுச் சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பல சோப்புகளில் சோடியம் பாமேட் என்ற பெயர் முன்வரிசையில் இருக்கும். அது செம்பனை எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துச் செய்தது. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான்; 1917இல் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். எங்கள் முன்னோர் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டினார்கள், பிறகு குலை வெட்டினார்கள். அந்தக் குலையின் எண்ணெய்தான் இன்று சோப்பாகி எல்லா வீட்டுக் குளியலறைக்கும் வருகிறது. செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி, எளிதில் இறுகும் கொழுப்பு. சோப்பு நல்ல கட்டியாக நிற்பதற்கு அதுவே காரணம். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடும் உடம்பு அழுக்கோடும் சேரும்போது அதே கொழுப்பு வெள்ளைக் கசடாகி, முடிப் பின்னலின் கண்களை ஒவ்வொன்றாக மூடிவிடுகிறது.

நம்முடைய எண்ணெய்க் குளியலுக்கும் இதில் பங்கு உண்டு. தீபாவளி கழிந்த வாரத்தில் எனக்கு அழைப்புகள் கூடும். நல்லெண்ணெய் குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டும். சீயக்காய்த் தூள் தண்ணீரில் கரைவதில்லை. ஊறி, உப்பி, அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் படியும். மஞ்சளும் பயத்த மாவும் அப்படியே. இதற்காக எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை யாரும் விட வேண்டியதில்லை. குளிக்கும் முன் சல்லடை மேல் ஒரு சிறு வலைத்தட்டு வைத்து, குளித்தவுடன் அதில் நின்றதை அள்ளிக் குப்பையில் போட்டால் போதும்.

இன்னொரு பொருளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: சிமெண்டு. தரைக்குப் புதிய ஓடு பதித்த வீடுகளில், வேலை முடிந்ததும் வாளியையும் கரண்டியையும் அந்தக் குளியலறையிலேயே கழுவிவிடுவார்கள். ஓட்டு இடுக்குக்குப் பூசிய பசையும் சிமெண்டுப் பாலும் வளைவில் போய் உட்கார்ந்து ஓரிரு நாளில் கல்லாகிவிடும். அதை எந்தக் கம்பியும் எடுக்காது. தரையை உடைக்க வேண்டியதுதான். வீட்டில் வேலை நடக்கும்போது வடிகால் வாயைத் துணியால் அடைத்துக் கட்டுங்கள். கழுவுகிற தண்ணீரை ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கியதைக் குப்பைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெரிய செலவைத் தடுக்கும் சிறிய காரியம் இது.

இனி அமைப்பு. குளியலறைத் தரையில் நீங்கள் பார்க்கிற சல்லடைக்குக் கீழே ஃபுளோர் டிராப் என்ற பகுதி இருக்கிறது. அங்கே எப்போதும் ஏறக்குறைய இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும்படி வைத்திருப்பார்கள். சில வீடுகளில் குழாய் வளைந்திருப்பதால் அது நிற்கும். சில வீடுகளில் சல்லடையின் அடியில் ஒரு கவிழ்ந்த கிண்ணம் இருக்கும். அதன் விளிம்பு தண்ணீரில் முங்கியிருக்கும். வடிகாலின் நாற்றமும் கரப்பான் பூச்சியும் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது இந்தச் சிறு தண்ணீர்தான். ஆகவே, தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அந்தக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். நான் போகிற பல வீடுகளில் கிண்ணம் இருக்காது. நாற்றம் வருகிறது என்ற குறை மட்டும் இருக்கும். ஹார்ட்வேர் கடையில் அளவு பார்த்து ஒரு கிண்ணம் வாங்கிப் போட்டால் குறை தீர்ந்துவிடும்.

டிராப்பைத் தாண்டி அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது வீட்டின் வயதைப் பொறுத்தது. பழைய வீடுகளில் கழிப்பறைக் கழிவு மட்டும் மண்ணுக்குள் இருக்கும் தொட்டிக்குப் போகும். குளித்த தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் சுவரைத் துளைத்துக்கொண்டு நேராக வெளியே லோங்காங் என்ற திறந்த வடிகாலில் விழும். புதிய தாமான்களில் எல்லாமே மூடிய குழாய் வழியாகக் கழிவுநீர் நிலையத்துக்குப் போகும். உங்கள் வீடு எந்த வகை என்பதை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயையும், தரையில் இருக்கும் சோதனை மூடிகளையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு வந்த பிறகு தேடுவதைவிட இது நல்லது.

“அண்ணே, பாத்ரூம்ல தண்ணி நிக்குது, கொஞ்சம் வந்து பாருங்க” என்று போன் வந்தால் நான் மூன்று கேள்வி கேட்பேன். “ஒரு பாத்ரூம்லயா, ரெண்டுலயுமா? மழை பேஞ்சாத்தான் நிக்குதா, வெயில்லயும் நிக்குதா? கக்கூஸ்ல தண்ணி ஊத்தினா இங்க குமிழி வருதா?” ஒரே இடத்தில், வெயிலிலும், மெல்ல மெல்ல மோசமாகி நின்றால் அது டிராப்பிலோ அதை அடுத்த சில அடிகளிலோ இருக்கிற முடி அடைப்பு, வீட்டுக்காரரே எடுத்துவிடலாம். இரண்டு குளியலறையும் ஒன்றாக நின்றால், குமிழியும் வந்தால், பிரதான குழாயிலோ கழிவுத் தொட்டியிலோ சிக்கல். தொட்டியை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது காலி செய்யச் சொல்கிறது கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர். பல வீடுகளில் கட்டிய நாளிலிருந்து யாரும் திறந்ததே இருக்காது. மழையில் மட்டும் நின்றால் வீட்டுக்குள் குற்றம் இல்லை. வெளியே லோங்காங் நிரம்பிக் குழாயின் வாய் முங்கிவிடுகிறது. போக இடமில்லாத தண்ணீர் திரும்புகிறது.

இப்போது வேலைக்கு வருவோம். ரப்பர் கையுறை, டார்ச் விளக்கு, திருப்புளி, பழைய பல் துலக்கி, இரண்டு வாளி, ஒரு பழைய செய்தித்தாள், நுனியைச் சிறு கொக்கியாக வளைத்த உறுதியான கம்பி. இவை எல்லா வீட்டிலும் இருப்பவை. ரப்பர் பம்பும் ஸ்பிரிங் கம்பியும் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். எதையாவது ஏற்கெனவே ஊற்றியிருந்தால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே நிற்பது வெறும் தண்ணீர் என்று எண்ணிக் கையை விடாதீர்கள்.

சல்லடையின் திருகைக் கழற்றுங்கள். துரு பிடித்திருந்தால் அவசரப்படாமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சற்றுக் காத்திருங்கள். தலை சிதைந்த திருகு மறு முறை யாருக்கும் வழிவிடாது. சல்லடையைத் தூக்கியதும் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பெரும்பாலான அடைப்பு அங்கேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கிண்ணத்தை எடுத்து, அதன் விளிம்பில் சுற்றியிருக்கும் முடியைப் பிரித்தெடுங்கள். கொக்கிக் கம்பியைச் சுவரை ஒட்டி இறக்கி, மெதுவாகத் திருப்பி, மெதுவாக மேலே இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பின்னல் நடுவில் அறுந்து பாதி உள்ளேயே தங்கும். பொறுமையாக இழுத்தால் வேர் வருவதைப் போல முழுதாக வரும். வந்ததைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கழிப்பறையிலோ லோங்காங்கிலோ போட்டால் அடைப்பு இடம் மாறுகிறதே தவிரத் தீர்வதில்லை.

அப்படியும் தண்ணீர் போகவில்லை என்றால் ரப்பர் பம்பு. பலர் இதைக் காற்றில் அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். அடிப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, ரப்பர் முங்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். தள்ளுவது தண்ணீராக இருந்தால்தான் விசை அடைப்பு வரை போகும். இரண்டு, முகம் கழுவும் தொட்டியின் குழாய் பல வீடுகளில் இதே டிராப்பில் வந்து சேர்கிறது. அதன் வாயை ஈரத்துணியால் இறுக அடைக்காவிட்டால் உங்கள் பலமெல்லாம் அந்த வழியாக வெளியே போய்விடும். ரப்பரின் விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவி, சாய்த்து இறக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, பிறகு சீராக அழுத்தி இழுங்கள். தள்ளுவதைவிட இழுப்பில் கவனம் வையுங்கள். அடைப்பைத் தளர்த்தி மேலே கொண்டுவருவது இழுப்புதான்.

மிஞ்சியது ஸ்பிரிங் கம்பி. என் வேலையில் நான் மிகவும் நேசிப்பது இந்தக் கம்பியைத்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதை அது கைக்குச் சொல்கிறது. கம்பி முதலில் நிற்கும் இடம் பெரும்பாலும் வளைவு. அங்கே முட்டித் தள்ளாமல் சற்றே திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும். முடி அடைப்பில் கம்பி மென்மையாக நிற்கும். திருப்பினால் முறுக்கு கைக்கே திரும்பி வரும். கொழுப்புக் கசடில் கம்பி நுழையும், ஆனால் இழுக்கும்போது கனக்கும். மணலில் நறநறவென்ற அதிர்வு. சிமெண்டில் கல்லைத் தட்டியது போல ஒரு மோதல். அதற்கு மேல் முயன்றால் குழாய்தான் உடையும். வேர் நுழைந்த குழாயில் கம்பி கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிறகு இறுக்கிப் பிடிக்கும். இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு மூன்று முறை செய்தால் கை கற்றுக்கொள்ளும். எப்போதும் ஒரே திசையில் திருப்புங்கள். சிக்கிவிட்டால் திருப்பிக்கொண்டே இழுங்கள். பலத்தைக் காட்டாதீர்கள்.

எடுத்த பிறகு சோதனை. பழைய வீடு என்றால் ஒருவரை உள்ளே நிறுத்தி, “ஊத்துங்கக்கா” என்று குரல் கொடுத்துவிட்டு நான் வெளியே லோங்காங் ஓரம் நிற்பேன். ஒரு வாளித் தண்ணீர் ஒரேயடியாக உள்ளே விழுந்தால், வெளிக்குழாயில் சற்று நேரத்தில் அதே வேகத்தோடு வர வேண்டும். நூலாக ஒழுகினால் வேலை இன்னும் முடியவில்லை. அடுத்தடுத்துச் சில வாளி ஊற்றி, தளர்ந்த கசடெல்லாம் வெளியேறும் வரை பார்த்துவிட்டே சல்லடையைப் பூட்ட வேண்டும். புதிய வீட்டில் சோதனை மூடியைத் திறந்து அதையே பார்க்கலாம்.

ஊற்றும் பொருள்களைப் பற்றி விளக்கமாகவே சொல்கிறேன். சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நுரைப்பது உண்மை. அந்த நுரை கரியமில வாயு. காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது உப்புத் தண்ணீர்; அது முடியைத் தொடாது. கொதிநீர் கொழுப்பை இளக்கும். ஆனால் நம் வீடுகளில் இருப்பது பிவிசி குழாய். 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு தாங்க அது செய்யப்படவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழாய் தளரும், மூட்டு விலகும். குளிக்கப் பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் போதும். இளகிய கொழுப்பும் சில அடி தள்ளிப் போய்க் குளிர்ந்து மறுபடி இறுகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காரத் தூளுக்கு முடியைக் கரைக்கும் சக்தி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுதாக அடைத்த குழாயில் அது அடைப்பை நெருங்குவதே இல்லை. மேலே நிற்கும் தண்ணீரில் கரைந்து, கடும் சூட்டைக் கிளப்பி, அங்கேயே காத்திருக்கும். அடுத்து அதில் கை வைப்பவர் நீங்களாகவோ நானாகவோ இருப்போம். ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். அதைவிட மோசமானது கலப்பது. குளோராக்ஸ் ஊற்றிய இடத்தில் அமிலம் கலந்த கழிப்பறைக் கழுவியை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். சன்னலும் சிறிதாக, கதவும் மூடியிருக்கிற குளியலறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். கூப்பிடுகிறவர்களிடம் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டால் சிலர் சொல்லத் தயங்குகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அது கண்ணையும் உயிரையும் காக்கிற தகவல்.

எங்கள் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கே ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிச்சதுப்பு மண். தண்ணீர் வடிந்தால் அந்த மண் சுருங்கி இறங்கும். இந்தப் பக்கம் பெர்ஜுந்தாய் டின் டிரெட்ஜிங் கம்பெனியின் மிதவைக் கப்பல்கள் ஈயம் வாரிப் புரட்டிப் போட்ட மணலும் குட்டைகளும். இப்படிப்பட்ட நிலத்தில் புதைத்த குழாய் காலப்போக்கில் நடுவில் தாழ்ந்துவிடுவது உண்டு. வடிகால் குழாய்க்கு ஏறக்குறைய நாற்பது அடி நீளத்துக்கு ஓரடி சரிவு வேண்டும். நடுவில் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் நின்று, கசடு தங்கும். ஒரே வீட்டில், ஒரே தூரத்தில், சில மாதத்துக்கு ஒரு முறை அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் முடியைக் குறை சொல்லாதீர்கள். குழாயின் சரிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைத் தேங்கவிடாமல் வழிவிடுவது எங்கள் சிலாங்கூர் மாநிலத்தில் உயிர் காத்த வேலை. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவில் மக்கள் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்த்து, ஊருக்குள்ளும் புதிதாகத் திறந்த துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடிக்கக் கால்வாய் வெட்டச் செய்தார். காய்ச்சல் தணிந்தது. பிறகு தோட்டங்களிலும் அதே முறை பரவியது. மலைச்சாரல் தோட்டங்களில் வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும் வேறு வகைக் கொசு இருந்ததால், அங்கே ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓட வைத்தார்கள். மண்வெட்டி பிடித்து அந்தக் கால்வாய்களை வெட்டியவர்களில் நம்மவர்கள் ஏராளம். லயத்து முன்வாசலில் ஓடிய கால்வாயைத் தூர் வாருவது, குழாயடிச் சிமெண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவி விடுவது, இதெல்லாம் எங்கள் பெரியவர்கள் அன்றாடம் செய்த காரியம். தோட்டத்து டிரசர் வந்து பார்ப்பார் என்ற அச்சமும் இருந்தது, தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்ற அக்கறையும் இருந்தது.

இன்று மலேரியா போய் டெங்கி வந்திருக்கிறது. டெங்கிக் காய்ச்சல் மிகுதியாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். ஏடிஸ் கொசுவுக்கு ஏரி வேண்டாம்; யாரும் புழங்காத குளியலறையின் ஃபுளோர் டிராப்பில் அசையாமல் நிற்கும் தண்ணீரே போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே விருந்தினர் அறைக் குளியலறையிலும், ஊருக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போகும் வீட்டிலும் அந்தத் தண்ணீரை வாரம் ஒரு முறை புதுத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட வேண்டும். நெடுநாள் பூட்டுவதாக இருந்தால் அபேட் மருந்து மணலைப் போட்டு, சல்லடையை மூடிவிட்டுப் போங்கள். வீட்டில் கொசு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு என்பதைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தை நினைவுக்கு வர வேண்டும்.

கடைசியாக ஆறு. பழைய வீடுகளில் நாம் ஊற்றியது எதுவோ அது லோங்காங் வழியாகச் சிலாங்கூர் ஆற்றுக்குத்தான் போகிறது. இந்த ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்கள் எங்கள் வட்டாரத்தில் இருக்கின்றன. கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் குடிக்கிற நீரில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துச் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் இந்த நிலையங்களை நிறுத்த வேண்டி வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. ஆற்றின் கீழே கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் மின்னுவதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். அந்த மின்மினியின் புழு கரையோர ஈரச் சேற்றில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. நம் குளியலறையிலிருந்து ஒரு புட்டி காரம் போவதால் மட்டும் ஆறு செத்துவிடாது. ஆனால் ஊர் முழுவதும் மாதந்தோறும் ஊற்றினால் அதற்குக் கணக்கு உண்டு. கையால் எடுத்த முடிக்கு அந்தக் கணக்கே கிடையாது.

வீட்டுப் பராமரிப்புக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. சல்லடை மேல் வலைத்தட்டு. தலை முழுகும் முன் உலர்ந்த முடியைச் சீப்பால் வாரி எடுத்துவிடுவது. மாதம் ஒரு முறை சல்லடையைத் திறந்து கிண்ணத்தைக் கழுவுவது. பிறகு ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுவது. இதை ஆண்களும் செய்ய வேண்டும், பிள்ளைகளுக்கும் காட்டித் தர வேண்டும். முடி அம்மாவுடையது என்பதற்காக வேலையும் அம்மாவுடையது ஆகிவிடாது. மாணவர்கள் தங்கும் வீடுகளில் முறை வைத்துச் செய்யலாம். வெளி லோங்காங் அடைத்திருந்தால் தாமானில் ஒரு கோத்தோங் ரோயோங் வைத்துத் தூர் வாருங்கள். கைக்கு மீறியதைக் கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்கு எழுதுங்கள். பிரதான குழாய், தொட்டி, தாழ்ந்த சரிவு என்றால் மட்டும் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

இந்த வேலையைச் சிலர் அருவருப்பாகப் பார்க்கிறார்கள். உள்ளிருந்து வருவது நம் உடம்பில் இருந்து போனதுதான். கையுறையும் சோப்பும் இருந்தால் அதில் அஞ்ச ஒன்றுமில்லை. இந்த வார விடுமுறையில் ஒரு திருப்புளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுச் சல்லடையைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் திறங்கள். அடைக்கும் முன்பு எடுப்பதற்குச் சில நிமிடம் போதும். அடைத்த பிறகு எடுப்பதற்கு என்னைப் போல் ஒருவர் வர வேண்டும்.